நாங்கள் கட்டிய பாலமும் அவர்கள் இழந்த சாலையும்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பாலத்துக்கு ஆண்டு நிறைவு கொண்டாடினார்கள். அணிச்சல் வெட்டினார்களாம். ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இச்சொல் புதிதாக இருக்கலாம். நாம் கேக் என்று சொல்லிக் கடந்துவிடுவதை இந்த மலாய் நாட்டுத் தமிழர் அணிச்சல் என்று எழுதுகிறார்கள். வந்த புதிதில் ஒரு பிறந்தநாள் அழைப்பிதழில் அச்சொல்லைக் கண்டபோது, இம்மக்களோடு நான் வாழ்ந்துவிடலாம் என்ற துணிவு எனக்கு வந்தது.

கொண்டாட்டத்துக்கு எனக்கும் அழைப்பு இருந்தது, நான் போகவில்லை. போயிருந்த என் மகள் மதி ஒரு படம் அனுப்பினாள். அணிச்சலின் மேல் சர்க்கரையில் பாலத்தைச் செய்திருந்தார்கள். கைப்பிடிக் கம்பிகள்கூடத் தவறவில்லை. கத்தியைப் பிடித்திருந்தவர் சிவநேசன். பின்னால் தொங்கிய பதாகையில் ‘மக்களுக்கான பொறியியல்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. உண்மையான பாலத்தின் ஒவ்வோர் இணைப்பையும் சரிபார்த்துத் தகுதி என்று சொன்ன பொறியாளன் நான்.

இதே குறிப்புகளில் எங்கள் பொறியாளர் வட்டத்தைப் புகழ்ந்து முன்பு எழுதியிருக்கிறேன். அதைப் படித்துத் திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் இளம் பொறியாளர் சிலர், அப்படியொன்றை அங்கே தொடங்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பதில் எழுதாமல் நாளைக் கடத்தினேன். அந்தப் படத்தைப் பார்த்தபின் கடத்த இயலவில்லை.

2

வட்டம் பெரிய அமைப்பன்று. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. அங்கே ஊதியம் பெறுபவர் எவரும் இல்லை. வாரநாள்களில் ஆலைகளிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் வேலை செய்யும் பொறியாளர்கள் சனிக்கிழமைகளில் கூடுவோம். மலைச்சரிவின் அடியில் வீடு கட்டிவிட்டு மழைதோறும் அஞ்சுபவர், வெள்ளம் புகும் தரைத்தளத்தில் இருப்பவர் என்று யார் வந்தாலும் போய்ப் பார்ப்போம். கல்லூரி இறுதியாண்டு மாணவரிடம் சென்று, எந்த வேலையை ஏற்கலாம் என்பதோடு எந்த வேலையை மறுக்க வேண்டும் என்பதையும் பேசுவோம். செந்தூலிலும் ஸ்ரீ கெம்பாங்கானிலும் பள்ளிப் பிள்ளைகளிடம் குச்சியும் நூலும் கொடுத்துப் பாலம் கட்டச் சொல்வோம். கட்டி முடித்ததும், இதனால் யாருக்கு நன்மை, யாருக்கு இடைஞ்சல் என்று கேட்போம். முதற்பாதிக்கு எல்லாப் பிள்ளைகளும் கை தூக்குவார்கள். இரண்டாம் பாதிக்கு வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காகத்தான் போவோம்.

இதையெல்லாம் தொடங்கியவர் சிவநேசன். யாழ்ப்பாணத்திலிருந்து இரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அரசுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் முதலிற் கண்டது குடிநுழைவு அலுவலகத்தில். என் பெயரில் குடும்பப் பெயர் எங்கே என்று முகப்பில் இருந்தவர் கேட்கிறார். அப்படியொன்று இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் என் தந்தையின் பெயரை எனக்குச் சூட்டி, என் பெயரைத் தந்தை பெயராக எழுதி, என்னையே எனக்கு மகனாக்கி ஓர் அட்டையை அடித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு மலாய் ஒரு சொல் வராது. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் என் தோளுக்கு மேலாக எட்டி, அவரிடம் சிரித்துப் பேசி அதைத் திருத்தி வாங்கித் தந்தார்.

“டென்ஷன் ஆகாதீங்க தம்பி. இங்க எங்க எல்லாருக்கும் அப்பா பேரு பின்னாலயே வரும். வெள்ளைக்காரன் போட்ட வழி. சாப்பிட்டீங்களா?”

சாப்பிடவில்லை என்றேன். அன்று வாழையிலைச் சோறு வாங்கித் தந்தார். அடுத்த வாரம் வீடு பார்த்துத் தந்தார். மதி பிறந்தபோது மருத்துவமனைக்குக் கார் ஓட்டியவரும் அவரே. அயல்நாட்டில் ஒருவருக்கு நண்பர் பலர் வாய்ப்பதுண்டு. சாட்சி ஒருவர்தான் வாய்ப்பார். இவன் இன்னான், இவனை நம்பலாம் என்று இந்நாட்டுக்கு என்னைப்பற்றி எடுத்துச் சொன்னவர் அவர்.

3

கிள்ளானுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டம் மூடப்பட்டுவிட்டது. அதில் வேலை செய்த குடும்பங்கள் மட்டும் தொழிலாளர் வரிசைவீடுகளான பழைய லயங்களிலேயே இருக்கின்றன. முன்பக்கம் லோரி போகுமளவு அகலமான தோட்டத்துச் சாலை. பின்பக்கம் அகன்ற வெள்ளநீர்க் கால்வாய். அதன் அக்கரையில் தமிழ்ப்பள்ளியும் கொமுட்டர் இரயில் நிலையமும். கால்வாயின்மேல் ஒரு நடைபாலம் கட்டிக் கொடுக்கலாம் என்றார் சிவநேசன். எஃகைத் தர ஒரு நல்ல மனிதர் முன்வந்திருப்பதாகவும் சொன்னார்.

எந்த வேலைக்கும் முன்பு ‘கேட்கும் நாள்’ ஒன்றை வைப்பது வட்டத்தின் வழக்கம். அந்த ஊரில் ஒரு பகல் முழுவதும் போய் உட்காருவோம். வரைபடம் கொண்டுபோகக் கூடாது; குறிப்பெடுக்கக் கூடாது; எல்லாவற்றுக்கும் மேலாக, யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. பொறியாளன் பதில் சொல்லத் தொடங்கினால் மக்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பது சிவநேசன் கண்டது. கேள்விகளை அவரே மனத்தில் கொண்டுபோய், பிறகு தனியாகத் திரும்பி வந்து பதில் சொல்வார். வேறெந்த நாட்டிலும் எந்தப் பொறியாளர் கூட்டத்திலும் இத்தகைய பணிவை நான் கண்டதில்லை என்று உங்களுக்கு எழுதியது நினைவிருக்கிறது.

அந்தக் குடியிருப்பின் செயலாளர் தேவி. விடியற்காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்பவர். கணவர் முருகையா முன்பு லோரி ஓட்டியவர். சிறுநீரகம் பழுதாகி, வாரத்திற் சில நாள் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்வருகிறார். அவரை ஏற்றிச் செல்லும் வேன் தோட்டத்துச் சாலை வழியாக வாசலுக்கே வரும்.

நாங்கள் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்ததைத் தேவி சிறிது நேரம் பார்த்தார்.

“என்ன அண்ணே, எல்லாரும் வாயில பிளாஸ்டர் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்களா? இந்தா, பலகாரமாவது சாப்பிடுங்க. அதுக்கு வாயத் தொறந்துதான ஆகணும்?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் கேட்டார்:

“சரி, நெசமாவே கேக்கிறேன். எங்களுக்குத்தான் ரோடு இருக்கே. பாலம் வேணும்னு யாரு கேட்டா?”

நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. விதி அது. சிவநேசனும் தலையை மட்டும் மெல்ல அசைத்து, அக்கேள்வியைப் பத்திரப்படுத்திக்கொள்பவர்போல் உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்தில், பேசிவிட்டதாகவும், பிள்ளைகள் சுற்றிப் போக வேண்டாம் என்பதால் எல்லாருக்கும் மகிழ்ச்சி என்றும் சொன்னார்.

பாலத்தைக் கட்டினோம். கட்டியபின் மகிழ்ச்சி இருந்ததும் உண்மைதான். திறப்பு நாளில் தேவி ஆரத்தி எடுத்தார், முதலிற் பாலத்துக்கு, பிறகு எங்களுக்கு. பிள்ளைகள் அதன்மேல் ஓடினார்கள். கால்வாயை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போன நாசி லெமாக் கூடை நேராக இரயில் நிலையத்துக்குப் போயிற்று.

4

சில மாதங்களுக்குப்பின் ஒரு மாலை தேவி தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, ரோட்டு முனையில போர்டு வச்சிருக்காங்க. நெலத்த வாங்குன கம்பெனி வேலி போட்டு வீடு கட்டப் போறாங்களாம். ரோட்ட மூடப் போறாங்க. எங்களுக்கு வேற வழி இருக்குன்னு அதுல போட்டிருக்கு.”

“வேறு வழி ஏது?”

“நீங்க கட்டுனீங்களே, அதுதான்.”

யாரோ எங்கள் உழைப்பைத் திருடி எங்களுக்கு எதிராகவே நிறுத்துகிறார்கள் என்று எண்ணினேன். அந்தச் சினத்தோடு, துணைக்கு அழைத்துக்கொள்வதற்காகவே சிவநேசனைத் தேடிப் போனேன். வழக்கமான வாழையிலைக் கடையில் வழக்கமான மேசையில் இருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை இரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க மாறன். கோபத்துல சாப்பிட்டா கேஸ்ட்ரிக் வரும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போதிருந்து?”

“பாலம் போடறதுக்கு முன்னாலேர்ந்து.”

கடையில் இரைச்சலாக இருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்றே நம்ப விரும்பினேன்.

“அந்த எஃகு யார் கொடுத்தது?”

“இரும்புன்னு சொல்லுங்கலா. எஃகு எஃகுன்னுக்கிட்டு. அவங்கதான் கொடுத்தாங்க, வேற யாரு?” அப்பளத்தை ஒடித்தார். “இங்க பாருங்க. நெலம் அவங்களோடது. ரோடு இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு எப்படியும் போயிடும். ஒண்ணுமே இல்லாம போறதுக்கு நான் அவங்ககிட்டேர்ந்து ஒரு பாலம் வாங்கிக் கொடுத்தேன். அதோட, நம்ம ஸ்கூல் புரோகிராம இனிமே அவங்களே பாத்துக்குவாங்க. நாடு முழுக்க. உங்க மதிதான் நடத்தப் போறா. சொல்லலையா உங்ககிட்ட?”

சொல்லவில்லை.

“முருகையாவின் வேன் எந்த வழியாக வரும்?”

“அக்கரையில வந்து நிக்கும். நடந்து போயி ஏறிக்கட்டும்.”

“அவரால் நடக்க முடியாது.”

“ஏதாச்சும் ஏற்பாடு பண்ணலாம்.”

“கேட்கும் நாளில் தேவி நேராகவே கேட்டாரே. நீங்கள் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்?”

“அன்னைக்குப் பதில் சொல்லக் கூடாதுன்னுதான ரூலு?” என்று சொல்லிச் சிரித்தார். அதில் குரூரம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். குடிநுழைவு முகப்பில் அந்த அலுவலரிடம் சிரித்தாரே, அதே சிரிப்பு. நானும் புரிந்துகொண்டு உடன் சிரிப்பேன் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இன்னொண்ணு. நகராண்மைக் கழகத்துல விசாரணை வைப்பாங்க. பாலத்த செக் பண்ண இஞ்சினியரக் கூப்பிடுவாங்க. உங்க பேரத்தான் கொடுத்திருக்கேன்.”

“ஏன் என் பெயர்?”

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.”

5

எங்கள் ஊரில், கும்பகோணத்துக்குப் புறத்தே, எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டிப் புறவழிச்சாலை வந்தது. அதற்கு அளவெடுக்க வந்தவருக்கு அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார். வந்தவர் குடித்தார், நல்ல தென்னை என்று பாராட்டினார், அந்தத் தென்னையையும் சேர்த்து அளந்துகொண்டு போனார். சாலை வேண்டியதாக இருந்திருக்கலாம். குடித்துக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்கலாமே என்பதுதான் அப்பாவுக்கு. பொறியியல் படிக்கப் போனபோது, யார் வீட்டில் இளநீர் குடித்தாலும் எதற்காக வந்தேன் என்பதை முதலிற் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்துகொண்டேன். வட்டத்தில் சேர்ந்ததும் அதற்காகத்தான். தேவி வீட்டுப் பலகாரத்தைத் தின்றபோது எதற்காகப் போயிருந்தோம் என்பது எனக்கே தெரியாது. தெரிந்த ஒருவர் என் பக்கத்தில் அமர்ந்து தின்றுகொண்டிருந்தார்.

விசாரணைக்கு முதல்நாள் தேவி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கொமுட்டரில் வந்து, விசாரித்துக்கொண்டு மாடியேறி வந்திருந்தார். கையில் பொட்டலங்கள்.

“அண்ணே, சுத்தி வளைக்காம கேக்கிறேன். நாளைக்கு அந்த ஆபீசர் கேட்டா, பாலம் வலுவில்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம். பாலத்த மூடிட்டா ரோட்ட மூட முடியாதில்ல?”

“பாலம் வலுவாகத்தான் இருக்கிறது தேவிம்மா.”

“எனக்குத் தெரியாதா? தெனம் நான்தான அதுல நடக்கிறேன். அதுக்குத்தான் கேக்கிறேன்.”

“நாளைக்கு இன்னொரு பாலத்தைப் பாதுகாப்பானது என்று சொன்னால் யார் என்னை நம்புவார்கள்?”

“இன்னொரு பாலத்துக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். எங்க வீட்டுக்காரரு வேனுக்கு இன்னைக்கு வழி சொல்லுங்க.”

உண்மை முழுவதையும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பாலம் மனிதரைத் தாங்கும், வண்டியைத் தாங்காது. நீங்கள் பாலம் வேண்டும் என்று கேட்கவில்லை. வேண்டும் என்றவர் யார் என்று நீங்கள் கேட்டபோது உங்களுக்குப் பதில் தரப்படவில்லை. இவ்வளவையும் சொன்னால் போதும் என்றேன். “முழுசா சொல்றதுக்கு அவங்க விடுவாங்களா?” என்றார் தேவி. பொட்டலங்களை வைத்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த மதி வெளியே வந்தாள். குடிசார் பொறியியல் முடித்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் பாதிக்குமேல் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று எனக்காகத் தமிழைத் தேடிப் பேசினாள்.

“அப்பா, சிவா அங்கிள் பண்ணது தப்புதான். பட், புரோகிராம் நல்லதுலா. ரெண்டையும் ஏன் கலக்கிறீங்க?”

“கலந்தது நானா?”

“நீங்க சொல்லிக் கொடுத்த கேள்வியத்தான் நான் பிள்ளைங்ககிட்ட கேக்கப் போறேன். யாருக்கு நல்லது, யாருக்குத் தொல்லை. எத்தனையோ ஸ்கூல் அப்பா.”

“அவர்களில் ஒரு பிள்ளை எழுந்து கிள்ளான் பாலத்தைப் பற்றிக் கேட்டால்?”

அவள் கைப்பேசியைப் பார்த்தாள். “கேக்க மாட்டாங்க,” என்றாள்.

6

விசாரணை அறை குளிரூட்டப்பட்டுச் சுத்தமாக இருந்தது. நடத்திய அலுவலர் இளம் மலாய்ப் பெண்மணி, மரியாதை குறையாதவர். சொல்ல வேண்டியதையெல்லாம் மலாயில் எழுதி மனப்பாடம் செய்து போயிருந்தேன். இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும் என் மலாய் பாசாரில் காய்கறி வாங்க மட்டுமே பயன்படுகிறது. முதல் வரிசையில் சிவநேசன்; அவருக்குப் பக்கத்தில் அந்நிறுவனத்தார். கடைசி வரிசையில் தேவியும் குடியிருப்புப் பெண்களும்.

“என்சிக் மாறன், ஜம்பாத்தான் இத்து செலாமாட் ஆத்தாவ் தீடாக்?”

ஐயா, அந்தப் பாலம் பாதுகாப்பானதா, இல்லையா என்று கேட்டார்.

“செலாமாட்,” என்றேன். பாதுகாப்பானது. அவர் தட்டச்சுச் செய்தார். “தெத்தாப்பி,” என்றேன். ஆனால், என்று பொருள். அவர் கையை உயர்த்தினார். மற்ற கருத்துகளை எழுத்து மூலம் அனுப்பலாம். இன்று தொழில்நுட்பச் சான்று மட்டுமே என்றார்.

நான் நிறுத்தவில்லை. மருத்துவ ஊர்தி அதில் போகாது என்றேன். கேஸ் கொண்டுவரும் லோரி போகாது, தீயணைப்பு வண்டி போகாது என்றேன். பிணம் ஏற்றும் ஊர்தியும் போகாது என்று சொல்ல வாயெடுத்து, மனப்பாடம் தடுமாறி, ‘கெரெத்தா மாத்தி’ என்றேன். செத்த கார் என்று பொருள். அறை சிரித்தது. என்னை நோக்கித் திரும்பிய சிவநேசன், எவ்வளவோ இடங்களிற் செய்ததுபோலவே கனிவோடு, சரியான சொல்லை எனக்கு எடுத்துக் கொடுத்தார்:

“கெரெத்தா மாயாட், மாறன்.”

நான் அதைத் திருப்பிச் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. அலுவலர் புன்னகையோடு, இது பொறியியல் தொடர்பான கேள்வியன்று என்றார். அடுத்தவரை அழைத்தார்.

வெளியே வந்தபோது தேவி தூணருகில் நின்றிருந்தார். நான் பேசுமுன் அவரே சொன்னார்:

“மொதல் வார்த்தைய மட்டும்தான் எழுதிக்கிட்டா சார். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

7

சாலையை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே தடுப்புக் கம்பமும் காவலர் கூண்டும் இருக்கின்றன. எழுத்து மூலம் அனுப்பிய கருத்துக்குப் பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தது, வேறொன்றும் வரவில்லை. வட்டத்திலிருந்து விலகிக்கொண்டேன். சிவநேசன் இன்னமும் தீபாவளிக்கு முறுக்கு அனுப்புகிறார். மதி பள்ளிகளுக்குப் போய்வருகிறாள், நன்றாகவே நடத்துகிறாளாம். வீட்டில் நாங்கள் வானிலையைப் பற்றி நிறையப் பேசுகிறோம்.

திருச்சி, கோவை நண்பர்களே, தொடங்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். சரிவின் அடியில் இருப்பவர் அங்கும் இருக்கிறார். அவர் வீட்டைப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும் செய்யுங்கள். கேட்டுக்கொண்டு வந்த கேள்விக்குப் பதிலை, கேட்டவர் காதில் விழும்படி, உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்லாமல் ஒரு குழியும் தோண்டாதீர்கள். அந்தப் பொறுப்பை எவ்வளவு நல்லவராயினும் ஒருவரிடம் விட்டுவிடாதீர்கள். எஃகு தருபவர் யார் என்று கேளுங்கள். கேட்பது நட்புக்கு அழகன்று என்று எனக்குத் தோன்றியிருந்தது.

மாதம் ஒரு சனிக்கிழமை நான் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறேன். பாலத்தின் திருகாணிகளைப் பார்க்கவேண்டும். துருவைச் சுரண்டி வண்ணம் பூசவேண்டும். விழாவுக்கு வருகிறவர்கள் இதற்கு வருவதில்லை. விட்டுவிடலாம் என்றால், அக்குடும்பங்களுக்கு இப்போது இருப்பது அந்த ஒரு வழிதான். அது பழுதானால் அவர்கள் சிறைப்பட்டதுபோல் ஆகிவிடுவார்கள். நான் சினந்து விலகினாலும் பாலத்தைக் கைவிடமாட்டேன் என்பதையும் சேர்த்தே சிவநேசன் கணக்கிட்டிருப்பார் என்று திருகாணியை முடுக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

சென்ற முறை போனபோது தூறிக்கொண்டிருந்தது. அக்கரையில் டயாலிசிஸ் வேன் வந்து நின்றது. முருகையாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அண்டைவீட்டார் இருவரும் தேவியுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிடிக்க ஆளில்லாமல் நாற்காலியின் நாலாவது கால் அந்தரத்தில் சாய்ந்திருந்தது.

“சார், அந்தப் பக்கத்தைப் புடிங்க,” என்றார் தேவி.

பிடித்தேன். முருகையா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“என்ன சார், பாலத்த செக் பண்றீங்களா, என்னைய செக் பண்றீங்களா?”

அண்டைவீட்டுக்காரர் ஒருவர் சிரித்தார். நடுப்பாலத்துக்கு வந்தபோது, நால்வரும் ஒரே காலடியில் நடந்ததால் தளம் எங்கள் கீழே மெல்ல ஏறி இறங்கிற்று. தேவி நின்றுவிட்டார். நாற்காலியும் நின்றது.

“ஆடுது சார்,” என்றார்.

“ஆடும். ஆபத்தில்லை,” என்றேன்.

அது உண்மை. பிடியை மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தோம்.